ஒப்பிட்டுப் பார்க்க ஒரு முதுகு

நான் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவன். ஏணியில் ஏறினால்தான் சோறு. முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் ஒன்று நசுங்கிப்போனது. ஸ்குரூ வைத்து இரண்டு எலும்பையும் இறுக்கிவிடலாம் என்றார் டாக்டர். குறுக்கே விழுந்தவள் என் தங்கச்சி.

அவள் ஆய்வுக்கூடத்தில் புது டிஸ்க் வளர்க்கிறாள். செல்லைக் கிண்ணத்தில் போட்டு, தீனி ஊற்றி, மெஷினில் அமுக்கி அமுக்கிக் கெட்டிப்படுத்துவாள்.

"ஸ்குரூ போட்டுட்டா அப்புறம் என்னோடதை வைக்க முடியாதுண்ணே. கொஞ்சம் பொறுத்துக்க."

பொறுத்தேன், இரண்டு வருஷம். அவள் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன். கூடப் பிறந்தவள் நீட்டுகிற தாளை எவன் படிப்பான்? ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன். அதற்குள் வலது பாதம் மரத்துவிட்டது. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது.

இன்று ஸ்கேன் எடுக்கிற அம்மாவிடம் கேட்டேன். "எனக்கு எப்பம்மா வைப்பாங்க?"

"உங்களுக்கா? பேரைக் குலுக்கிப் போட்டு ரெண்டு குழுவா பிரிப்பாங்க. நீங்க ஒப்பிட்டுப் பார்க்கற குழுவாச்சே. எதுவும் வைக்காம விட்டா என்னாகுதுன்னு பார்க்கத்தானே உங்களுக்கு ஸ்கேன் எடுக்கறோம்."

நொண்டிக்கொண்டே தங்கச்சியின் அறைக்குப் போய் நாற்காலியில் விழுந்தேன்.

"குலுக்கல்ல என் பேரு எதுவும் வைக்காத குழுவுல விழுந்துச்சா?"

"இல்லண்ணே. நான்தான் உன்னை அதுல போட்டேன்." கிண்ணத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அந்தக் குழுவுல எல்லாரும் பாதியில ஸ்குரூ போட்டுக்கிட்டுப் போயிடறாங்க. நீ நான் சொன்னா இருப்பே."

வெளியாள் என்றால் சட்டையைப் பிடித்திருப்பேன். இவளை என்ன செய்ய?

"கால் மரத்துப்போச்சு, தெரியுமா?"

"தெரியும். ஸ்கேன்ல நரம்பு நசுங்குறதைப் பார்த்தேன்."

ஆக, ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள் மகராசி.

"கடைசி ஸ்கேன் ஒண்ணுதாண்ணே பாக்கி."

"வரமாட்டேன். உன் அட்டவணையில ஒரு கட்டம் காலியா கிடக்கட்டும். நான் ஸ்குரூவே போட்டுக்கறேன்."

"இனிமே போட்டாலும் அந்தக் கால் சரியாகாதுண்ணே," என்றாள் மெதுவாக.

எழுந்து நடந்தேன். வாசலைத் தாண்டும்போது, "அண்ணே" என்று கூப்பிட்டாள். மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்றுதான் திரும்பினேன். என் வலது செருப்பு நாற்காலிக்கு அடியிலேயே கிடந்தது. சட்டென்று குனிந்து எடுத்துக் கொடுத்தாள். அவள் முதுகு நன்றாகத்தான் வளைந்தது.