தம்பி நலம்

அக்காவுக்கு ஒரு கிட்னியைக் கொடுத்த நாளிலிருந்து தம்பியைக் கையில் பிடிக்க முடியவில்லை. "எப்படிக்கா இருக்கே" என்று கேட்டால் வாயா வெந்துவிடும்? "என் கிட்னி எப்படி இருக்கு?" என்றுதான் கேட்பான், அதுவும் நாலு பேர் நடுவில். ஒருநாள் அவள் மாமியார் எதிரிலேயே கேட்டுவைத்தான். "சொல்லிக்காட்டற வாயில புண்ணு வர" என்று சொல்லிவிட்டு எழுந்து போனவள்தான். அதோடு பேச்சுவார்த்தை நின்றது.

ஆஸ்பத்திரியில் வருஷா வருஷம் செக்கப். கொடுத்தவர் உடம்பில் கேன்சர் ஒளிந்திருந்தால் வாங்கினவருக்கும் போய்ச் சேரலாம் என்பதால் இரண்டு பேரையும் பார்க்க வேண்டுமாம். தம்பி அந்தத் திசையில் தலைவைத்தும் படுக்கமாட்டான். அதனால் நர்ஸ் இவளிடம்தான் கேட்பாள்.

"தம்பி ஃபோனே எடுக்கலையேம்மா. வெளியில எங்கயாவது செக்கப் பண்ணிக்கறாரா?"

"பண்ணிக்கறான், பண்ணிக்கறான். அவனுக்கென்ன கேடு, குத்துக்கல்லாட்டம் இருக்கான்."

அவனைக் கூப்பிட்டுக் கேட்பதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது இவளுக்கு. நர்ஸ் தாளில் எழுதிக்கொண்டாள். இப்படியே நாலு வருஷம்.

இந்த வருஷம் ஸ்கேனில் அந்தக் கிட்னியில் கட்டி தெரிந்தது. கேன்சர்தான். "இந்த செல் உங்களோடது இல்ல, ஒரு ஆணோடது. தம்பிகிட்டேருந்துதான் வந்திருக்கு" என்றார் டாக்டர். "இதை எடுத்துட்டு நீங்க டயாலிசிஸுக்குத் திரும்பிடலாம். அவருக்கு மிச்சம் இருக்கறது ஒண்ணுதானே. உடனே வரச்சொல்லுங்க."

இவள் நேரே அவன் லேத் பட்டறைக்குப் போனாள். அவன் மிஷினை நிறுத்தவில்லை. கெஞ்சினால் வரமாட்டான் என்று இவளுக்கா தெரியாது?

"நீ குடுத்தது சொத்தைக் கிட்னிடா. கேன்சர் கட்டியோட குடுத்திருக்கே."

"எங்கிட்ட இருந்தவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. கெடுத்தது நீ."

"அப்படின்னா மிச்சம் இருக்கறதை ஸ்கேன் எடுத்துக் காட்டு. ரோஷம் இருந்தா காட்டு."

"எடுத்து உன் மூஞ்சில விட்டெறியறேன், போ."

மூன்றாம் நாள் ஸ்கேன் உறையோடு வந்தான். இவள் ஆபரேஷனுக்குத் துணிமணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவன் உறையை விட்டெறியவில்லை, மேஜைமேல் வைத்தான்.

"இதுலயும் இருக்காம். முழுசா எடுக்கணுமாம். ரெண்டு வருஷம் முன்னாடி பார்த்திருந்தா ஓரத்தை மட்டும் வெட்டியிருக்கலாமாம்."

இவள் உறையை எடுத்துப் பிரித்தாள்.

"தாளைக் காட்டினாங்க. நாலு வருஷமும் தம்பி நலம்னு எழுதியிருக்கு. வெளியில செக்கப் பண்ணிக்கறேனாம். யாரு சொன்னது?"

நர்ஸ் தலையில் பழியைப் போட்டிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"நான்தான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக்கூட கசந்துச்சா?"

"ஆமாண்டா, கசந்துச்சு."

அவன் வாசல்வரை போய் நின்றான்.

"டயாலிசிஸ்ல எவ்வளவு நேரம் படுத்திருக்கணும்?"

"நாலு மணி நேரம். வாரத்துக்கு மூணு நாள்."

"உன் பக்கத்து பெட் மட்டும் எனக்கு வேணாம். அந்த நர்ஸ்கிட்ட நீயே சொல்லிடு. என்னைப் பத்தி நீதானே எல்லாம் சொல்றே."

"சொல்லிடறேன்" என்றாள்.