சுப்பராயலு பார்த்த திருடன்

ஞாயிற்றுக்கிழமை காலை. கோவிலம்பாக்கம் சுப்பராயலு இட்லியைப் பிட்டுக்கொண்டே, சைக்கிள் திருட்டுக் கதையை வீட்டாருக்கு மறுபடியும் சொல்லிக்கொண்டிருந்தார். தாம்பரம் மார்க்கெட் வாசலில், இருட்டுகிற நேரத்தில், எவனோ அவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டான். போலீஸ் சேட்டு என்கிற பெயின்டரைப் பிடித்து உள்ளே வைத்தது. நாளை கோர்ட்டில் சுப்பராயலு கையை நீட்டி அடையாளம் காட்டினால் சேட்டுவுக்கு ஜெயில்தான். மனுஷருக்கு அதில் ஒரே பெருமை!

சேட்டுவின் மனைவி பேபி வாசலில் வந்து நின்றாள்.

"அன்னிக்கு அவரு ஜுரத்துல படுத்துகினு இருந்தாரு சார். கொஞ்சம் யோசிச்சு சொல்லுங்க சார்."

"எனக்கு இன்னா பொட்டக்கண்ணா? போம்மா!" என்று விரட்டிவிட்டார். பேபி அழுதுகொண்டே போனாள்.

மகள் கனகவல்லிக்கு மனசு கேட்கவில்லை. அவள் காலேஜில் குற்றவியல் பட்டப்படிப்பு படிக்கிறாள், இரண்டாம் வருஷம்.

"நைனா, ஸ்டேஷன்ல எத்தினி பேர நிக்க வச்சு காட்னாங்க?"

"அவன் ஒர்த்தனதான். 'இவன்தானே?'ன்னாங்க. ஆமான்னேன்."

"தப்பு நைனா. அதே மாதிரி இருக்கற பல பேருக்கு நடுவுல நிக்க வச்சுதான் கேக்கணும்."

"நீ படிச்சுக் கிழிச்சது போதும், போ!"

அன்று மத்தியானம் ஓர் இளைஞன் விறுவிறுவென்று வீட்டுக்குள் வந்தான். மேஜைமேல் பாடிக்கொண்டிருந்த ரேடியோவைத் தூக்கிக்கொண்டு ஓடியே போய்விட்டான்.

"ஐயோ, திருடன்! செவப்புச் சட்ட, தாடி! புடிங்க!" என்று சுப்பராயலு கத்தினார்.

"தாடியாவது ஒண்ணாவது! மொட்டத்தலை. பச்சச் சட்ட" என்றாள் அவர் மனைவி பச்சையம்மா. புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் சண்டையே வந்துவிட்டது.

அதற்குள் அதே இளைஞன் ரேடியோவோடு திரும்பி வந்தான். நீலச் சட்டை, வாரிய தலை, மூக்குக்கண்ணாடி. தாடி மருந்துக்கும் இல்லை.

"மன்னிச்சுடுங்க சார். நான் ஐசக், கனகவல்லி கிளாஸ்மேட். அவதான் வரச் சொன்னா. எங்க வாத்தியார் கிளாஸ்ல இதேதான் செஞ்சு காட்னாரு. வந்த ஆள் எப்டி இருந்தான்னு கேட்டா, நாங்க அத்தினி பேரும் தப்பாத்தான் சொன்னோம்."

"டேய், சட்டய மாத்திகினுதானே வந்த?"

"இல்ல சார், இதேதான்."

பச்சையம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். சுப்பராயலுவும் சிரிக்க ஆரம்பித்தார். ஆனால் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"பட்டப்பகல்ல, என் வூட்லயே இந்த லட்சணம்னா... அன்னிக்கு இருட்டுல நான் யாரப் பாத்தேன் கனகு?"

மறுநாள் கோர்ட்டில் கூண்டில் ஏறியவர், "ஐயா, நான் பாத்தது முதுகத்தான். மூஞ்சியப் பாக்கவே இல்ல. ஸ்டேஷன்ல ஆமான்னு சொன்னது என் தப்பு" என்று சொல்லிவிட்டு இறங்கினார். வேறு சாட்சி கிடையாது. சேட்டுவை விட்டுவிட்டார்கள். அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

பேபி ஓடி வந்து அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். சுப்பராயலுவுக்குக் கூசிப்போயிற்று.

"கும்பிடாதம்மா. உன் புருஷன உள்ள தள்ளினதே நான்தான். என்ன மன்னிச்சுக்கோ."

கூட வந்திருந்த சிநேகிதர் துளசிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. "இன்னாய்யா, உன் சைக்கிளும் போச்சு, மாட்டினவனையும் வுட்டுட்ட!"

"போவட்டும்யா. சைக்கிள் வேற வாங்கிக்கலாம். 'இவன்தான்'னு நான் சொன்ன ஒரே வார்த்தையில ஒரு குடும்பமே தெருவுக்கு வந்துருக்குமே, அவங்க வாழ்க்கைய எங்க போய் வாங்கறது? சரியாப் பாக்கலன்னா, பாக்கலன்னு சொல்லணும்யா. அதுவும் சாட்சிதான்."