மாதிரித் தண்ணீர்

"நில் பிள்ளை, நானே அள்ளித் தாறன்" என்று கனகாம்பிகை கிணற்றுக்கும் சாருஜாவுக்கும் நடுவே வந்து நின்றார். குரலில் கடுமை இல்லை. அதுதான் சாருஜாவைக் கூடுதலாக உறுத்தியது.

நீர்ப் பரிசோதனைப் பயிற்சிக்கு தன் ஒழுங்கையிலிருந்து வந்த முதல் ஆள் அவள். இன்று அவள் மாதிரி எடுப்பதைப் பார்த்துத்தான், இனித் தனியே அனுப்பலாமா என்று பயிற்சி தரும் கோகுலன் முடிவு செய்வான். உடுவிலில் எத்தனையோ கிணறுகள் இருக்க, இதுவா வாய்க்க வேண்டும்? இதே வேலிக்கு வெளியேதான் அம்மா குடத்தோடு காத்து நிற்பாள். யாராவது அள்ளி ஊற்றினால் வாங்கி வருவாள். கிணற்றுக்கட்டில் கைவைக்க அவர்களுடைய சாதிக்கு இடமில்லை. இப்போது அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை. அள்ளித் தருகிறேன் என்கிறார்கள்.

கோகுலன் மோட்டார்சைக்கிள் திறப்பை விரலில் மாட்டிச் சுழற்றியபடி, "அவ தாறதை வாங்குமன். இன்னும் எத்தினை வீடு கிடக்கு" என்றான்.

வாங்கினால் ஒரு வம்புமில்லை. தலை தானாகவே ஆடப் பார்த்தது. அம்மாவின் தலை அப்படித்தான் ஆடும்.

வீட்டுக்குள் குழந்தை அழுதது.

"பேரப்பிள்ளையோ அன்ரி?"

"ஓம், மகளின்ரை. ரண்டு மாசம். பால்மாதான் கரைச்சுக் குடுக்கிறம்."

"அப்ப நான்தான் அள்ளவேணும். உங்கடை வாளியிலை அள்ளினா வாளி ஊத்தையும் சேர்ந்து வரும்."

"என்ரை வாளியிலை ஊத்தையோ!"

கோகுலன் சிரிப்பை விழுங்கினான். குழந்தை மறுபடி வீரிட்டது. கனகாம்பிகை வீட்டுப் பக்கம் பார்த்தார், பிறகு விலகினார்.

சாருஜா கயிற்றில் கட்டிய போத்தலை இறக்கினாள். ஊரில் மற்றக் கிணறுகளைப் போலத்தான் இதுவும் இருந்தது. அவளுடைய முகம் உள்ளே கலங்கி, மெல்லத் தெளிந்தது.

போத்தல் நீரில் நனைத்த சோதனைத் தாள் கடும் ரோசா நிறமானது.

"தோட்டத்துக்குப் போட்ட பசளை கிணத்திலை இறங்கியிருக்கு அன்ரி. ஆய்வுகூட முடிவு வருமட்டும் பிள்ளைக்கு இதைக் குடுக்காதேங்கோ."

"கொதிக்க வைச்சுத்தானே குடுக்கிறம்?"

"கொதிக்க வைச்சா பசளையின்ரை நைத்திரேற்று போகாது. தண்ணிதான் வத்தும்."

கனகாம்பிகையின் முகம் செத்துப்போயிற்று. "அப்ப இண்டைக்கு எங்கை தண்ணிக்குப் போவன்?"

போய் நிற்கட்டும் எங்காவது, குடத்தோடு. அந்த நினைப்பு சாருஜாவுக்கு இனித்தது. இனித்தது என்பதே பிறகு கசந்தது.

"எங்கடை ஒழுங்கையிலை சுத்திகரிச்ச தண்ணி இருக்கு."

"அங்கை... நான் வரலாமோ?"

"ஆரும் வரலாம் அன்ரி. குழாயை நீங்களே திறந்து பிடிக்கலாம்."

கனகாம்பிகை குடம் எடுக்க உள்ளே போனார்.

கோகுலன் வண்டியில் ஏறினான். "இனி அடுத்த வீட்டுக்கு நீர் தனியப் போம், சாருஜா. நான் மருதனார்மடச் சந்தியிலை ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்."