ஒடிந்த கொக்கி

அந்துக்கா பூச்சிப் பெட்டியைத் திறந்தாள். ஊசிகள் நின்றன, இறக்கைகள் இருந்தன. உடல்கள் இருந்த இடத்தில் பழுப்புத் தூள்தான் கிடந்தது. மழைக்காலத்தில் வண்டுப்புழு உள்ளே புகுந்து தின்று தீர்த்திருந்தது.

அருங்காட்சியகத்தில் அந்துப்பூச்சிகளை இனம் பிரித்து அடுக்குவது அவள் வேலை. அதனால்தான் அந்தப் பெயர். வாசல் காவலர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். மலைக்காட்டில் ஜீப் ஓட்டும் அவள் தம்பி, ஓய்வு நாட்களில் வெள்ளைத்துணி கட்டி விளக்கு வைத்துப் பிடித்த பூச்சிகள் அவை. அவற்றில் ஒன்று புது இனமாக இருக்கலாம் என்று இருவருக்கும் சந்தேகம். இறக்கைக் கோடு கொஞ்சம் வேறு மாதிரி. ஆனால் கோட்டை நம்ப முடியாது. ஆண் பூச்சியின் வயிற்று நுனியில் கண்ணுக்குத் தெரியாத கொக்கி ஒன்று உண்டு. எங்கும் திரியும் பழைய இனம் என்றால் அதன் முனையில் பல் இருக்கும். அது பல்லில்லாமல் மொழுமொழுவென்றிருந்தால் புதியது.

கிடைத்ததே ஒரே ஒரு ஆண். இன்னொன்று வரட்டும், இருப்பதை அறுப்பானேன் என்று தள்ளிப்போட்டது அவள்தான்.

அந்தக் காட்டைச் சுரங்கத்துக்காக வெட்டப்போகிறார்கள். அங்கே மட்டுமே வாழும் உயிர் ஒன்று இருக்கிறது என்று எழுத்தில் தந்தால் வெட்டுவதை நிறுத்துவோம் என்றது விசாரணைக் குழு. மறுநாள் காலை கடைசிக் கெடு.

தூளுக்கிடையே அந்த ஆணின் அரை வயிறு மட்டும் மிஞ்சியிருந்தது; சதை கரைய அதைக் காரக்கரைசலில் சூடாக்கி, ஊசியால் பிரித்தாள். மைக்ராஸ்கோப்பில் கொக்கி தெரிந்தது. முனைதான் இல்லை. ஒடிந்ததா, புழு தின்றதா, கடவுளுக்கே வெளிச்சம்.

பக்கத்தில் நின்ற தம்பி கேட்டான்: "என்னக்கா? சொல்லேன்."

"தெரியலடா."

"தெரியலன்னா? உனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?"

"முனை இல்லடா. நான் என்ன பண்ணட்டும்?"

"புதுசுன்னு எழுதிடு. யாரு வந்து பாக்கப்போறாங்க?"

அவள் பேனாவை எடுத்தாள், வைத்தாள். மறுபடி எடுத்தாள். இத்தனை வருடம் சந்தேகமுள்ள எதற்கும் அவள் பெயர் வைத்ததில்லை. அந்த ஒரு பிடிவாதத்தைத் தவிர அவளிடம் பெருமைப்பட ஒன்றுமில்லை. தம்பி கையெடுத்துக் கும்பிட்டான். "உன் கால்ல வேணா விழறேன்க்கா. அந்த மலையில ஒரு மரமாவது மிஞ்சட்டும்."

அழுதுகொண்டே எழுதினாள்: இனத்தை உறுதி செய்ய முடியவில்லை.

அதைப் படித்ததும் அவன் கிளம்பிப் போனான்.

வெட்டு தொடங்கியது. போன் அடித்தால் அவன் எடுப்பதில்லை. பொறுக்க முடியாமல் ஒருநாள் அவளே பஸ் ஏறி மலைக்குப் போனாள். அதுவரை காட்டுக்குள் கால் வைத்தவளில்லை. பாதி மலை மொட்டையாக, சிவந்து கிடந்தது. ஓரத்தில் மிச்சமிருந்த மரங்களுக்கிடையே அவன் துணி கட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தும் "வா" என்று சொல்லவில்லை. ஆனால் துணியின் மறுமுனையை அவளிடம் நீட்டினான்.

பொழுது சாய்ந்ததும் பூச்சிகள் வந்து மொய்த்தன. இருக்க இடமில்லாமல் அலைந்தவை போலும். அவற்றினிடையே அதே கோடு போட்ட ஆண் ஒன்று. தம்பி அதைக் குப்பியில் பிடித்தான்.

மறுநாள் அருங்காட்சியக மைக்ராஸ்கோப்பில் கொக்கி முழுசாக இருந்தது. முனையில் பல்.

"பழைய இனம்தான்டா," என்றாள்.

அவனும் குனிந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தான். "அப்போ நீ பொய் எழுதியிருந்தா..."

"காடு இருந்திருக்கும்."

"நீ எழுதினது சரின்னு இப்ப சந்தோஷமா இருக்கா?"

"இல்லடா. சத்தியமா இல்ல."

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். முந்தின இரவு பிடித்த மற்ற பூச்சிகள் பொட்டலத்தில் காத்திருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அவளிடம் நீட்டத் தொடங்கினான்.