பாவிக்க முன், பாவித்த பின்

நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்தபடி நிவேதனா கதிரைக்கு மேலே குனிந்து நின்றாள். கதிரையில் சாய்ந்திருந்தவர் கனடாவிலிருந்து திருவிழாவுக்கு வந்த அன்ரி. முறுக்கிய நூல் புருவத்தின் மேல் ஓடிக்கொண்டிருக்க, அன்ரியின் வாயும் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் எதால் முகம் கழுவுவது, அதற்கு மேல் எதைப் பூசுவது, கடைசியில் ஐ கிறீமை மோதிர விரலால் மெல்லத் தட்டித் தட்டி எப்படிப் போடுவது என்று, சாமிக்குப் பூசை செய்கிற ஒழுங்கோடு சொல்லிக்கொண்டே போனார். நிவேதனாவின் வாயில் நூல். தலையை மட்டும் ஆட்டினாள்.

"தங்கச்சி, உமக்கும் கண்ணுக்குக் கீழை கறுத்துப்போய்க் கிடக்கு. நீர் ஒண்டும் போடுறேல்லையோ?"

காசு மேசையில் இருந்த தர்சிகாவுக்குப் பாம்புச் செவி. பார்லர் அவளுடையது. அன்ரி படியிறங்கியதும் கூப்பிட்டாள்.

"கேட்டனிதானே? கடையிலை நிக்கிறவளின்ரை கண்ணே கருவாட்டுச் சட்டி மாதிரிக் கிடந்தா, என்ரை கிறீமை ஆரடி வாங்குவினம்?"

விடிய வந்து பொழுதுபடும்வரை நின்றபடி வேலை செய்தால் கறுக்காமல் என்ன செய்யும்? நிவேதனா நூலைச் சுற்றி வைத்தாள். இந்தக் கடைக்கு அவள் வந்தது வெட்டி விழுகிற மயிரைக் கூட்ட. தும்புத்தடியோடு நின்றே பார்த்துப் பார்த்து, நூலால் புருவம் திருத்தப் பழகினாள். இப்போது அரியாலையிலிருந்தும் அவளைத் தேடி வருகிறார்கள், வட்டுக்கோட்டையிலிருந்தும் வருகிறார்கள். பூனை மயிரைக்கூடத் தவறவிடாத கண் அவளுக்கு. அந்தக் கண் இல்லாவிட்டால் திரும்பவும் தும்புத்தடிதான்.

தர்சிகா அவளைப் பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். 'லண்டன் ஐ கிறீம்' அங்கேதான் உற்பத்தி. வெளிநாட்டுக்காரர் பாதி பாவித்த கிறீமைச் சொந்தக்காரருக்குக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுவார்கள். சொந்தக்காரர் அதைப் பூசவும் மாட்டார்கள், எறியவும் மாட்டார்கள். கண்ணாடி அலுமாரியில் வடிவுக்கு வைத்திருப்பார்கள். தர்சிகா காசு வாங்காமல் ஒரு ஃபேஷியல் செய்துவிட்டு அந்தப் போத்தல்களை வாங்கிவிடுவாள்.

அடியில் மஞ்சளாகக் கட்டிக் கிடந்ததையெல்லாம் ஐஸ்கிறீம் கரண்டியால் வழித்து, பழைய மாஜரின் பேணிக்குள் போட்டாள். ஒரு போத்தலில் யாரோ ஒருத்தியின் விரல் தடம் அப்படியே காய்ந்திருந்தது. இன்னொன்றில் ஒரு நரைமயிர். தர்சிகா அதை நகத்தால் இழுத்துச் சுவரில் துடைத்தாள். பிறகு வெள்ளையாக்கும் தூளைக் கொட்டிக் கலக்கினாள். புளித்த பாலும் கக்கூஸ் கழுவும் மருந்தும் சேர்ந்தாற்போல ஒரு நாற்றம். நிவேதனா மூக்கைப் பொத்தினாள்.

"சீ, அரியண்டமாக் கிடக்கக்கா. உதையோ கண்ணிலை பூசச் சொல்லுறியள்?"

"புதுசு செய்தா ஒராள் போட்டுப் பாக்கத்தானே வேணும்." தர்சிகா ஒரு மூடியில் கொஞ்சம் வழித்து நீட்டினாள். "ஏலாதெண்டா சொல்லு. கூட்டுறதுக்கும் எனக்கு ஆள் வேணும்."

நிவேதனா வீட்டுக்குப் போய் முகம் கழுவிப் பூசினாள். பூசினவுடனேயே கடித்தது. கழுவியிருக்கலாம். ஆனால் பிளீச் போடும்போது எரிகிறதென்று துள்ளுகிறவர்களுக்கு அவளே எத்தனை தரம் சொல்லியிருப்பாள்: "கடிக்கத்தான் செய்யும். கடிச்சாத்தான் வேலை செய்யுதெண்டு அர்த்தம்." பார்லர்காரர் எல்லாருக்கும் அது மனப்பாடம். சொல்லிச் சொல்லி அவளும் நம்பிப்போயிருந்தாள். கையில் எடுத்த ஈரத்துவாயைத் திரும்பக் கொடியில் போட்டுவிட்டாள்.

விடிந்தபோது இமைகள் திறக்கவில்லை. தாய் ஞானாம்பிகை வெந்நீரில் துணி நனைத்துப் பிரிக்க, மஞ்சளாக ஒழுகியது.

"என்ன கோதாரியடி உது!" என்று தாய் கத்தினாள்.

ஆஸ்பத்திரியில் கண் டொக்டர், பூசினதைக் கொண்டு வரச் சொன்னார். என்ன கலந்தது என்று தெரிந்தால்தான் சரியான மருந்து கொடுக்கலாமாம். தாயும் மகளும் கடைக்கு ஓடினார்கள். தர்சிகா வாசலிலேயே மறித்து, ஃபோனை நிவேதனாவின் முகத்துக்குக் கிட்டப் பிடித்துப் படம் எடுத்தாள்.

"எனக்குத் தெரிஞ்ச பெரிய டொக்டர் கொழும்பிலை இருக்கிறார். அனுப்பிக் கேக்கிறன்."

"உந்தக் கிறீமிலை ஒரு போத்தல் தாங்கோ பிள்ளை," என்றாள் ஞானாம்பிகை.

"அது முடிஞ்சுது. வீக்கம் வத்தும்வரை இவளை இஞ்சாலை விடாதையுங்கோ. வாற ஆக்கள் பயப்பிடுவினம்."

புடைத்த இமைகளின் இடுக்கால் நிவேதனா பார்த்தாள். அலுமாரியில் புதுப் போத்தல்கள் அடுக்கியிருந்தன.

டொக்டர் குத்துமதிப்பில் கொடுத்த மருந்தில் வீக்கம் மெல்ல வற்றியது. தோல் உரிந்து புதுத்தோல் வந்தது. வலக் கண்ணில் மட்டும் நீராவி படிந்த கண்ணாடி போல ஒரு மூட்டம் நின்றுவிட்டது. திரும்பிப் போன அன்று தர்சிகா தேனாகக் கதைத்தாள்.

"பாத்தியோ, பிஞ்சுத்தோல் வந்திட்டுது!"

விளக்குக்கு முன்னால் இருத்தி, பவுடர் ஒற்றி, இன்னொரு படம் எடுத்தாள். டொக்டருக்குக் காட்டத்தான் என்றாள். பிறகு நிவேதனா நூலைக் கையில் எடுத்தாள். முதல் வந்தவளின் புருவத்தில் நட்டநடுவே மயிர் போய் வெட்டை விழுந்தது. அவள் கத்திக் குழறிக்கொண்டு எழும்ப, தர்சிகா தும்புத்தடியை எடுத்து வந்து நிவேதனாவின் கையில் கொடுத்தாள்.

அடுத்த கிழமை வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு பனர் ஏறியது. இடப்பக்கம் பழுத்துப் புடைத்த இரண்டு கண்கள். வலப்பக்கம் அதே மூக்குத்தி, அதே மச்சம், வழுவழுத்த தோல். 'லண்டன் ஐ கிறீம். பாவிக்க முன், பாவித்த பின்.' வாசலைக் கூட்டிக்கொண்டு வந்த நிவேதனா அண்ணாந்து பார்த்தாள். அது அவளுடைய முகம். வாய்க்கால் ஓரம் குந்தி, காலைச்சாப்பாடு முழுவதையும் சத்தி எடுத்தாள்.

பின்னேரம் கோபிகா என்றொரு கல்யாணப் பெண் தாயோடு வந்தாள். கண்ணுக்குக் கீழே மெல்லிய கறுப்பு.

"நிவே, தங்கச்சிக்குக் கொஞ்சம் போட்டுக் காட்டு," என்றாள் தர்சிகா.

நிவேதனா போத்தலைத் திறந்தாள். ரோசாப்பூ வாசத்துக்கு அடியில் அதே புளிச்சல் நாற்றம். மோதிர விரலில் தொட்டு மெல்லத் தட்டினாள்.

"அக்கா, கடிக்குது."

"கடிக்கத்தான் செய்யும்," என்று காசு மேசையிலிருந்து குரல் வந்தது. "கடிச்சாத்தான் வேலை செய்யுது."

நிவேதனா ஈரப்பஞ்சை எடுத்து, பெண்ணின் கண்ணடியை அழுத்தித் துடைத்தாள்.

"உதைப் போடாதையும் தங்கச்சி. வாசல் படத்திலை வீங்கிக் கிடக்கிறது உதைப் பூசித்தான். என்ரை வலக்கண் இப்ப வடிவாத் தெரியாது."

தர்சிகா சிரித்தாள். "அலட்டுறாள் அன்ரி. கூட்ட விட்ட கோவம்."

பெண்ணின் தாய் எழுந்து வாசலுக்குப் போய் பனரை நின்று பார்த்தார். திரும்பி வந்து நிவேதனாவின் நாடியைப் பிடித்து, மீன் பார்க்கிறவரைப்போல முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை கதைக்கிறீர்? உமக்கு நல்லாத்தானே வந்திருக்கு," என்றார். பிறகு தர்சிகாவின் பக்கம் திரும்பினார். "எங்களுக்கு ரெண்டு போத்தல் தாங்கோ."

நிவேதனாவின் கையில் ஈரப்பஞ்சு சொட்டிக்கொண்டிருந்தது. கோபிகா திறந்திருந்த போத்தலுக்குள் தன் மோதிர விரலை விட்டு எடுத்து, கண்ணாடியைப் பார்த்துக் கண்ணுக்குக் கீழே தட்டத் தொடங்கினாள்.

"ஓமம்மா," என்று சந்தோசமாகச் சொன்னாள். "நல்லாக் கடிக்குது."