வலது காலுக்கு வந்த நோட்டீஸ்

டிரைவர் தன் வலது காலால் போக்குவரத்துக் கழகத்துக்கு உண்டாக்கிய நஷ்டம் நாற்பத்தேழாயிரத்து முந்நூற்றுப் பதினொரு ரூபாய். பஸ்கள் நின்ற நிமிஷங்கள் மொத்தம் நாலாயிரத்து நூற்றுப் பதினாலு, நிமிஷத்துக்குப் பதினொன்றரை ரூபாய் என்று கணக்குப் பிரிவு போட்ட கணக்கு அது, பெருக்கலில் தப்பே இல்லை. டிரைவருக்குக் கோபம் வந்து வலது காலைத் தரையில் ஊன்றி அழுத்தினால் அவரைச் சுற்றி உருளுவதும் சுழலுவதும் நின்றுவிடும். ஆரம்பத்தில் வீட்டு மின்விசிறியும் மனைவியின் தையல் மிஷினும் மட்டும்தான் நின்றன. இரண்டாம் மாதம் தெருவே நின்றது. சைக்கிள், வேன், தண்ணீர் மோட்டார், கடிகார முள் எல்லாம் நின்றன. நாலாம் மாதம் மெயின் ரோடு வரைக்கும் எட்டிவிட்டது, அங்கேதான் கழகத்தின் பஸ்கள் மாட்டின. ஆம்புலன்ஸ் மட்டும் நிற்காமல் போனது. ஏன் என்று யாரும் விசாரிக்கவில்லை. ஜனங்கள் பழகிக்கொண்டார்கள். பஸ் நடுரோட்டில் நின்றால் "டிரைவருக்கு ஏறிடுச்சு" என்று இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். டீக்கடைக்காரர் கூடுதலாக இரண்டு பெஞ்சு வாங்கிப் போட்டார்.

கால் சும்மா அப்படி ஆகவில்லை. டிரைவர் பதினெட்டு வயதில் லாரிக்கு மூட்டை ஏற்றினவர், பிறகு கிளீனர், பிறகு ஸ்டியரிங். எழுத்து அவருக்கு முப்பத்திரண்டு வயதில்தான் வந்தது, அதுவும் மனைவி மகளின் சிலேட்டை வாங்கி வைத்து அதட்டி அதட்டிச் சொல்லிக்கொடுத்ததால். டிப்போவில் வண்டிக்கு ஒரு குறை என்றால் டிரைவர் தன் கையால் நோட்டில் எழுத வேண்டும், வாயால் சொன்னது செல்லாது. அவர் ஓட்டிய வண்டியில் பிரேக் இறங்க ஆரம்பித்ததும் மூன்று நாள் தொடர்ந்து எழுதினார். மிதித்தால் பள்ளத்தில் போகிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது. மூன்று நாளும் போர்மேன் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் கீழே "சரி பார்த்தாச்சு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாலாம் நாள் இறக்கத்தில் வண்டி நிற்கவில்லை. டிரைவர் சீட்டை விட்டு எழும்பி முழு உடம்பையும் காலில் இறக்கி மிதித்தார், பெடல் தரையைத் தொட்டதுதான் மிச்சம். நடைபாதையில் குடை விரித்து உட்கார்ந்திருந்த சாவிக்காரர் மேல் வண்டி ஏறியது. அவர் வளையத்தில் கோத்து வைத்திருந்த நூற்றுக்கணக்கான சாவிகள் ரோடெல்லாம் தெறித்தன. சோதனை அதிகாரி வருவதற்குள் டிப்போ ஆட்கள் வண்டியை இழுத்துக்கொண்டு போய்ப் பிரேக்கைப் புதிதாக மாற்றி வைத்துவிட்டார்கள். ஒரு வருஷமாக ஸ்டோரில் இல்லாத சாமான் அன்றைக்கு ஒரு மணி நேரத்தில் கிடைத்தது. விபத்து நடந்த தேதியில் குறை எதுவும் எழுதப்படவில்லை, டிரைவரின் கவனக்குறைவு என்று அறிக்கை போனது. அரைச் சம்பளத்தில் சஸ்பெண்ட். அன்று சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது கால் தானாக அழுந்தியது. பஸ்ஸில் பிடிக்காத பிரேக் மின்விசிறியைப் பிடித்தது.

நஷ்டத்தைக் கட்டச்சொல்லி நோட்டீஸ் ரிஜிஸ்டர் தபாலில் வந்தது. விரலை வைத்து எழுத்தெழுத்தாக வாசித்து முடித்ததும் தெரு இருபது நிமிஷம் நின்றது. மறுநாள் டிப்போவுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. மேனேஜர் தலையைத் தூக்காமலே பேசினார். "இதெல்லாம் மனசு சம்பந்தப்பட்டதுய்யா. ஆஸ்பத்திரியில கவுன்சிலிங் குடுக்கிற அம்மா இருக்காங்க, போய்ப் பாரு. இந்தப் பாரத்துல அவங்க கையெழுத்து வாங்கிட்டு வந்துட்டா உன் கடனையும் தள்ளுபடி பண்ணிடலாம்." பாரத்தில் எல்லாம் முன்கூட்டியே அடித்து வைத்திருந்தார்கள். மேற்படி ஊழியருக்கு நெடுநாளாக மனநிலை சரியில்லை, விபத்துக்கும் அதுவே காரணம். கையெழுத்துக்குத்தான் இடம் விட்டிருந்தது. அந்தக் கையெழுத்து விழுந்துவிட்டால் செத்த சாவிக்காரரும் செய்யாத பிரேக்கும் ஒரே பைலில் மூடப்படும், டிரைவர் காலமெல்லாம் பைத்தியக்காரன், சாவிக்காரர் மனைவிக்குச் சல்லிக்காசு வராது. இது புரிய அவருக்குப் பெரிய படிப்பு வேண்டியிருக்கவில்லை.

போகமாட்டேன் என்று வீட்டில் வந்து சொன்னார். "நான் என்ன லூசா?"

மனைவி பள்ளிக்கூடச் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். மிஷின் நின்று நின்று போவதால் அந்த மாதம் முழுக்கக் கைத்தையல்தான். "லூசா இருந்தாப் பரவாயில்லையே, ஒரு ஸ்பேனரை வெச்சு முடுக்கிடலாம். நீங்க முறுக்கிக்கிட்டுல்ல கெடக்கீங்க. அவன் பாரத்துக்காகப் போக வேணாம். சாப்பிடறதும் இல்ல, தூங்கறதும் இல்ல, எங்கிட்டப் பேச்சும் இல்ல. அதுக்காகப் போங்க. எவனாவது பைத்தியம்னா எங்கிட்ட அனுப்புங்க, நான் பேசிக்கறேன்."

வியாழக்கிழமை மூன்று மணி என்று சீட்டுக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியின் பின்கட்டில் பழைய எக்ஸ்ரே அறையைத்தான் அந்த அம்மாவுக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஜன்னல் கிடையாது, ஈயத்தகடு அடித்த கதவு, இரண்டு நாற்காலி, ஒரு கடிகாரம், தலைக்கு மேல் முனகும் விசிறி. அந்த அம்மாவுக்கு எந்நேரமும் ஜலதோஷம். முதல் வாரம் டிரைவர் பாரத்தை மேஜையில் வைத்துவிட்டு ஒரு மணி நேரமும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இவள் மேனேஜரின் ஆள், பேனா மூடியை எப்போது திறக்கிறாள் பார்ப்போம் என்று. எப்போது கையெழுத்துப் போடப்போகிறீர்கள் என்று கேட்டும் விட்டார். அந்த அம்மா பாரத்தை ஒருமுறை படித்து, மேஜை ஆடாமல் இருக்க அதை நாலாக மடித்துக் காலுக்கடியில் வைத்தார். அதிலேயே அவர் மேல் டிரைவருக்குப் பாதி மரியாதை வந்துவிட்டது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டாம் வாரம்தான் கால் அங்கே வேலையைக் காட்டியது.

"மூச்சை மெதுவா இழுத்து, நாலு எண்ணி விடுங்க சார்."

"மூச்சு விட எனக்குத் தெரியும் மேடம். தெரியாமலா நாப்பத்தாறு வருஷமா உசுரோட இருக்கேன்? பதினாறு மணி நேரம் ஓட்ட விட்டானுங்களே, அவனுங்களைக் கூப்பிட்டு எண்ணச் சொல்லுங்க."

விசிறி நின்றது. கடிகாரம் மூன்றேகாலில் நின்றது. அந்த அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணி வரைக்கும் உங்க நேரம்னு சொல்லியிருந்தேன். மணி இன்னும் மூணேகாலாவே இருக்கு. பேசுங்க, அவசரமில்ல." அன்றைக்கு வெளியே இருட்டும் வரை உள்ளே மூன்றேகாலாகவே இருந்தது. வராந்தாவில் காத்திருந்தவர்கள் திட்டிக்கொண்டே கலைந்து போனார்கள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் அவரைக் கடைசி ஆளாக வைத்துக்கொண்டார்கள், வேறு மாற்றம் எதுவும் செய்யவில்லை.

ஆறாம் வாரம் வரை டிரைவர் மற்றவர்களைத்தான் திட்டினார். அந்த அம்மா ஒரு வசவையும் தடுக்கவில்லை, தனக்கே ஐந்து மாதச் சம்பளம் வரவில்லை என்று ஒரு தடவை தானும் சேர்ந்து திட்டினார். ஆறாம் வாரம் டிரைவர் நாற்காலியில் உட்காராமல் சுவரைப் பார்த்து நின்றார்.

"நாலாம் நாள் நான் எழுதல மேடம்."

அந்த அம்மா மூக்கைத் துடைத்த கைக்குட்டையை மேஜை மேல் வைத்தார்.

"மூணாம் நாள் எழுதறப்போ போர்மேன் எட்டிப் பார்த்துட்டு, என்னய்யா தினம் இதையே எழுதறே, எழுதிப் பழகறியான்னான். சுத்தி நின்னவன் எல்லாம் சிரிச்சான். என் எழுத்து கோணலாத்தான் இருக்கும். வெக்கமாப் போச்சு. மறுநாள் நோட்டைத் தொடல, வண்டிய எடுத்துட்டுப் போயிட்டேன். ஒரு வரி மேடம். ஒரு வரி எழுதறதுக்கு வெக்கப்பட்டு ஒரு ஆளைக் கொன்னுட்டேன்."

உங்கள் தப்பு இல்லை என்று அந்த அம்மா சொல்வார் என்று டிரைவர் எதிர்பார்த்தார், சொல்லியிருந்தால் கதவைத் திறந்துகொண்டு போயிருப்பார். அந்த அம்மா சொல்லவில்லை. "அது உங்க பங்கு. அதை யாரும் வாங்கிக்க முடியாது. மீதி யாரோடது?" என்றார். டிரைவர் விரல் விட்டு எண்ணினார். எழுந்திருக்காத போர்மேன். ஒரு வருஷம் சாமான் வாங்காத ஸ்டோர். டிரிப் எண்ணிக்கை குறையக்கூடாது என்று வண்டியை வெளியே தள்ளிய மேனேஜர். பழியை டிரைவர் மேல் போட்டு அறிக்கை எழுதியவன், அவன் பேர்கூடத் தெரியாது. "மூட்டை தூக்கின ஆளு நீங்க, உங்களுக்கே தெரியும். உங்க பங்கை மட்டும் தூக்குங்க. அத்தனையும் நீங்களே சுமக்கறதாலதான் அவங்க கைய வீசிக்கிட்டு நடக்கறாங்க," என்றார் அந்த அம்மா. டிரைவர் அழுதார். அழும்போது விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

இதற்கிடையில் பாரம் எங்கே என்று மேனேஜர் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டார். ஒன்பதாம் வாரம் அந்த அம்மா ஒரு வெள்ளைத்தாளில் பதில் எழுதினார்: "ஒன்பது முறை வந்தார். பேசினார். புத்தி தெளிவாக இருக்கிறது, கோபமாக இருக்கிறார், கோபத்துக்குக் காரணம் இருக்கிறது." அதைத் தபாலில் அனுப்பாமல் டிரைவர் கையிலேயே கொடுத்தார்.

டிரைவர் அதை எடுத்துக்கொண்டு காலை எட்டு மணிக்கு டிப்போ கேட்டுக்குப் போனார். மேனேஜர் வாசித்துவிட்டு இரண்டாகக் கிழித்தார். "இதை வெச்சு நாக்குதான் வழிக்கலாம். உனக்கு இங்க என்ன வேலை இன்னும்?"

"குறை நோட்டைக் குடுங்க சார். ஒரு வரி எழுத வேண்டியிருக்கு."

போர்மேன் சிரித்தார். "இன்னுமா பழகறே?"

டிரைவர் கேட்டுக்கு நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வலது காலை ஊன்றினார். இந்த முறை கால் தானாக அழுந்தவில்லை, அவர்தான் அழுத்தினார். வெளியே போகத் தயாராக இருந்த இருநூற்றுப் பன்னிரண்டு வண்டியும் அசையாமல் நின்றன. மேனேஜர் போலீஸைக் கூப்பிட்டார், ஜீப் அரைக் கிலோமீட்டர் தள்ளியே நின்றுபோனது. நடந்து வந்த போலீஸ்காரர்கள் ஸ்டூலில் உட்காரக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை என்று சொல்லிவிட்டு நிழலில் ஒதுங்கினார்கள். டிரைவர் மூன்று நாள் காலை எடுக்கவில்லை. மரத்துப்போனபோது மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அவர் காலின் மேல் தன் காலை வைத்து அழுத்திக்கொண்டாள். முதல் நாள் மற்ற டிரைவர்கள் பேட்டா போச்சே என்று அவரைத் திட்டினார்கள். இரண்டாம் நாள் ஒருவர் வந்து, என் வண்டியில் ஹாண்ட் பிரேக் கிடையாது, கல்தான் வைக்கிறேன் என்றார். பிறகு எல்லோருக்கும் வாய் திறந்தது. அவர்களே போர்மேனின் அலமாரியைத் திறந்து நோட்டை எடுத்து வந்தார்கள். டிரைவர் விட்டுப்போன தேதியைப் போட்டு, அன்று எழுதாததை எழுதினார்: "பிரேக் பிடிக்கவில்லை. தெரிந்தே எடுத்துப் போனேன். அனுப்பியவர்களுக்கும் தெரியும்." அடுத்து வரிசை நின்றது. எழுத வராத நாலு பேருக்கு அவரே கோணல் எழுத்தில் எழுதிக்கொடுத்தார், யாரும் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர்கள் வெயிலில் வியர்க்க விறுவிறுக்க நடந்து வந்து நோட்டை வாசித்தார்கள். அறுபத்தொரு வண்டிகளை ஷெட்டுக்குள் தள்ளினார்கள். விபத்து பைலைத் திரும்பத் திறந்து, சாவிக்காரர் மனைவிக்கு ஏழு மாதத்தில் பணம் கொடுத்தார்கள், அதையும் அலைய விட்டுத்தான் கொடுத்தார்கள். போர்மேனை வேறு டிப்போவுக்கு மாற்றினார்கள். மேனேஜருக்குப் பதவி உயர்வு வந்தது. டிரைவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது, பிடித்து வைத்த சம்பளத்தில் பாதிதான் கிடைத்தது.

கணக்குப் பிரிவு சளைக்கவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு வண்டி, மூன்று நாள் என்று பழைய பாக்கியோடு கூட்டியபோது கடன் ஒரு கோடியே ஐந்து லட்சத்தைத் தாண்டியது. நோட்டீஸ் பாரத்தில் தொகைக்கு ஆறு கட்டங்கள்தான் இருந்தன. எட்டு இலக்கத்தை எழுத வழியில்லாததால், இந்த அளவு பெரிய கடன்களை வசூலிக்கும் வழக்கமும் இல்லாததால், முழுவதையும் தள்ளுபடி செய்து கடிதம் அனுப்பினார்கள்.

அது வியாழக்கிழமை வந்தது. டிரைவர் இன்னும் வியாழக்கிழமை தவறாமல் போய்க்கொண்டிருந்தார். எக்ஸ்ரே அறையில் அந்த அம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்து அதை எழுத்தெழுத்தாக வாசித்தார். மேற்படி ஊழியரின் ஏழ்மையைக் கருதி, கருணை அடிப்படையில், என்று அதில் இருந்தது. கருணை என்ற இடத்தில் விரல் நின்றது, அவர் அதைத் திரும்ப ஒருமுறை வாசித்தார். வராந்தாவில் விசிறிகள் வரிசையாக நின்றன. மருந்துக்குக் காத்திருந்தவர்கள் மேலே ஒருமுறை பார்த்துவிட்டு, கையில் இருந்த சீட்டை மடித்து விசிறிக்கொள்ள ஆரம்பித்தார்கள்.