பூச்சித்தொட்டிக்குக் காற்று

மாவு மில்லின் கேட்டுக்கு வெளியே எல்லோரும் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். கழிவுத் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் கருப்புசாமியின் காது மட்டும் உள்ளே கிடந்தது. தொட்டிக்குக் காற்று ஊதும் மெஷின் காலையிலிருந்து ஓடவில்லை.

மரவள்ளிக் கிழங்கு அரவையில் விரல்களைக் கொடுத்த முத்தாத்தாளை, கட்டு அவிழ்க்குமுன்பே முதலாளி வேலையை விட்டு நிறுத்திவிட்டார். அதற்குத்தான் இந்தச் சமரம், வேலைநிறுத்தம்.

கருப்புசாமி சங்கத் தலைவர் செங்கோட்டையனிடம் போய்க் குந்தினான்.

"அண்ணா, என்னைய உள்ள உடோணுமுங்க. தொட்டி செத்துப்போகும்."

"தொட்டி சாகுதா? அப்ப பாடை கட்டீரலாம்," என்றான் சின்னையன். சிரிப்பு எழுந்தது.

கருப்புசாமி சிரிக்கவில்லை. தொட்டியின் பழுப்புச் சேற்றில் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் இருக்கின்றன, கழிவிலுள்ள சத்தைத் தின்று தீர்ப்பது அவைதான் என்று அதைக் கட்டிய இஞ்சினியர் சொல்லியிருந்தார். காற்று நின்றால் மூச்சு முட்டிச் சாகும். மறுபடி வளர வாரக்கணக்காகும். எழுபத்தைந்தில் தொட்டி வரும்வரை வாய்க்கால் முழுக்கப் பச்சைப் பாசி மூடி, மீன்கள் மல்லாந்து மிதந்தன. ஊர் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

"நாளைக்குச் சமரம் முடிஞ்சு மில்லு ஓடுனா, அத்தனை கழிவும் நம்ம வாய்க்காலுக்குத்தானுங்க?"

செங்கோட்டையன் பீடியைத் தரையில் தேய்த்தார். "காத்து மட்டும். அரவைப் பக்கம் உன் நிழலு உழுகக்கூடாது."

"பூவாத்தா மேல சத்தியமுங்க."

"அவளைக் கேட்டயா மொதல்ல?" என்றான் சின்னையன். மில்லில் கிழங்கு சீவும் பூவாத்தாளும் கூட்டத்தில்தான் இருந்தாள். புருஷனை முறைத்துவிட்டுச் சிரித்தாள்.

மெஷின் உறுமியது. சேறு நுரைத்துக் குமிழியிட்டது. பொழுது சாய்வதற்குள் அழுகல் வாடை அடங்கி, மழை மண் வாசம் வந்தது. மேனேஜர் வந்து எட்டிப் பார்த்தார்.

"பூச்சி பொழைச்சுக்குமா?"

"பொழைச்சுக்குமுங்க."

"எப்பவும் போல கழிவு லோடு தாங்குமா?"

"தாராளமாத் தாங்குமுங்க," என்றான் கருப்புசாமி, சந்தோஷத்தில்.

விடிந்ததும் வேலந்தாவளம் பக்கமிருந்து வந்த லாரிகள் பின்கேட்டில் நுழைந்தன. ஒன்றில் கிழங்கு. இன்னொன்றில் முகம் தெரியாத ஆட்கள். அரவை ஓடத் தொடங்கியது.

கருப்புசாமி ஓடிப்போய்க் காற்று மெஷினின் சுவிட்சைப் பிடித்தான். இதை நிறுத்தினாலும் அரவை நிற்காது. கழிவு அப்படியே வாய்க்காலில் விழும். வெளியே சின்னையனின் குரல் கேட்டது: "கருங்காலி! உள்ள போனதே இதுக்குத்தானாடா?" கல்லொன்று தொட்டிச் சுவரில் பட்டுத் தெறித்தது.

அவன் கையை எடுத்துவிட்டான். மெஷின் ஓடியது.

உச்சி வெயிலில் சமரக்காரர்கள் வாய்க்காலில் குடம் முக்கினார்கள். அடிமணல் தெரியும் தெளிவு. அந்தத் தண்ணீரில் கஞ்சி காய்ச்சி, வரிசையாக உட்கார்ந்தவர்களுக்கு ஊற்றிக்கொண்டு வந்தார்கள். பூவாத்தாள் போசியை நீட்டினாள். கேட்டுக் கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து கருப்புசாமி பார்த்துக்கொண்டிருந்தான். கரண்டி அவள் போசியைத் தாண்டி அடுத்த ஆளுக்குப் போயிற்று.